அக்காவுக்கு ஏலாது

எங்கள் நிறுவனத்தை விற்றுவிட்டதாக முதலாளி சேர் சொன்னபோது என் கையில் பாதி கடித்த றோல்ஸ் இருந்தது. பின்னேரத் தேத்தண்ணி நேரம். வழக்கமாக அந்த வேளையில் அவர் தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அன்று வந்து, மேசை விளிம்பில் சாய்ந்து நின்று, சென்னையிலுள்ள பெரிய கொம்பனி ஒன்று எங்களை வாங்கியிருக்கிறது, ஒருவருக்கும் வேலை போகாது, ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றார். "மிச்சத்தை அவை சொல்லுவினம்" என்று முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யோசிக்க வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் எல்லோரும் யோசிக்கத் தொடங்கினோம்.

யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் அலுவலகம். தனியார் மருத்துவ நிலையங்களுக்கான மென்பொருள் செய்கிறோம்: நோயாளர் பதிவு, மருந்து இருப்பு, பற்றுச்சீட்டு. நான் சோதனையாளர். மற்றவர்கள் எழுதியதை எப்படியெல்லாம் பிழைக்க வைக்கலாம் என்று தேடுவது என் வேலை. படித்து முடித்ததும் கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்தேன். இங்கே இடம் கிடைத்ததும் திரும்பி வந்தேன். ஊர்ப்பாசத்தால் வந்தேன் என்று சொன்னால் பொய். காலையில் கரவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு, பிடித்த வேலையைச் செய்து, பொழுதுபட முன் வீடு திரும்பும் வாழ்க்கை எனக்குப் பொருந்தியது. அவ்வளவுதான்.

மருந்து இருப்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். தெல்லிப்பழையிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டில் இருப்பார்கள். அக்கா போய்க் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவருக்கு அடுத்த கதிரை என்னுடையது. அவருடைய பகுதியின் சோதனைகளை நான்தான் செய்தேன்.

சேர் விலகிப் போக, புதிய நிறுவனத்தின் முகாமையாளர் சென்னையில் இருந்தபடியே எங்களை நடத்தினார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். வேகமாகப் பேசுவார், பேசும்போது பேனையை விரல்களுக்கிடையில் சுழற்றுவார். முதல் நாள் காணொளிக் கூட்டத்தில் அவர் அறிவித்த மாற்றங்களை நான் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். தினமும் காலையில் கூட்டம். லீவு வேண்டுமென்றால் கணினியில் பதிய வேண்டும். மனதில் உள்ளதைக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். சேர், மேடம், அண்ணா, அக்கா எதுவும் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

"நான் உங்களுக்கு மேடம் இல்லப்பா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எங்க ஆபீஸ்ல இன்னிக்கு சேர்ந்த பசங்ககூட என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

நாங்கள் தலையாட்டினோம். ஆனால் ஒருவராலும் முடியவில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைக்க வாய் வரவில்லை. மேடம் என்றால் கோபிப்பார். ஆகவே விளியையே விட்டுவிட்டோம். "இதை ஒருக்கால் பார்த்தால் நல்லது", "நேற்றுக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை" என்று அலுவலகத்தின் செய்திக் குழுவில் மொட்டையாக எழுதினோம். அந்தக் குழுவிலோ ஒருவரின் பெயரைக் குறித்தால்தான் அவருக்கு அறிவித்தல் போகும். எங்கள் கேள்விகள் எல்லாம் யாருக்கும் போய்ச் சேராமல் அப்படியே தொங்கின. ஒரு கிழமை கழித்து, குருநகரிலிருந்து வரும் நிரலாளர் அண்ணைதான் அதைக் கண்டுபிடித்தார்.

"நாங்கள் இவ்வளவு நாளும் கடவுளிட்டைத்தான் கேட்டிருக்கிறம் போல," என்றார். "அவரும் பதில் போடேல்லை."

சென்னைக்காரருக்கும் சறுக்கல் இல்லாமல் இல்லை. எங்களை வரவேற்பதற்காக, அங்கிருந்தபடியே இங்குள்ள கடையொன்றில் எல்லோருக்கும் கோழிப் பிரியாணி சொல்லிவிட்டார்கள். அது வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. எங்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர். காணொளியில் முகாமையாளர் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் பெட்டிகளைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூடினோம். கத்தோலிக்கரான குருநகர் அண்ணையும் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய மைத்துனரும் மட்டும் ஆளுக்கு இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டார்கள்.

"தவக்காலமில்லை, தப்பினம்," என்றார் அண்ணை. "இந்த ஒபிசிலை இண்டைக்குத்தான் நாங்கள் பெரும்பான்மை."

முகாமையாளருக்குக் காரணம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "ஏன் முன்னாடியே சொல்லல? யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாங்கி அனுப்புகிறவர்களிடம் இது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்வி பிரியாணியோடு முடியவில்லை. காலைக் கூட்டத்தின் கடைசியில் அவர் தினமும், "மாற்றுக் கருத்து யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார். திரையில் நாங்கள் எல்லோரும் அமைதியாக இருப்போம். அக்கா "ஓம், சரி" என்பார். இணைப்புத் துண்டிக்கப்பட்டதும் கதிரையைத் திருப்பி, எங்கே பிழை வரும், எந்தத் திகதி சரிவராது, எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக எங்களிடம் சொல்வார். சேர் காலத்தில் அதுதான் வழக்கம். நாலு பேர் முன்னிலையில் அவரை மறுத்துப் பேசமாட்டோம். கூட்டம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து யாராவது ஒருவர் அவருடைய கதவைத் தட்டுவோம். அவரும் அதற்காகவே காத்திருப்பார். அரைவாசி முடிவுகள் அந்தக் கதவருகில்தான் மாறின. இப்போது தட்டுவதற்குக் கதவில்லை. கதவு சென்னையில் இருந்தது.

இப்படியிருக்க, மூன்று மாதம் முடிய ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவர்களை உறுதிப்படுத்துவார்கள் அல்லது மாற்றுவார்கள் என்று அறிவித்தல் வந்தது. மாற்றப்படுகிறவர்கள் மாலை நேர வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குப் போக வேண்டும். வேலை இரவு ஒன்பது வரை. அந்த நேரத்தில் தெல்லிப்பழைக்குப் பஸ் இல்லை. பிள்ளைகளும் அவ்வளவு நேரம் அடுத்த வீட்டில் இருக்க முடியாது. அக்காவைப் பொறுத்தவரை பொறுப்புப் போவதும் வேலை போவதும் ஒன்றுதான். அந்த அறிவித்தலை அவர் இரண்டு தரம் திறந்து வாசித்ததை நான் கண்டேன்.

மழைக்காலம் தொடங்கி ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய கிழமையில், மருந்து இருப்புப் பகுதியின் புதிய பதிப்பைச் சென்னைக்கு ஒப்படைக்க இருந்தோம். அன்று விடியவே அக்காவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. குரல் அடைத்திருந்தது.

"பிள்ளை, எனக்குச் சரியான காய்ச்சல். எழும்பவே முடியேல்லை. ரெத்தம் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறன். ஒருக்கா அவைக்குச் சொல்லிவிடு."

"நான் சொல்லுறன் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

கணினியில் லீவு பதிய வேண்டும் என்பது அவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒருவருக்குச் சுகமில்லையென்றால் இன்னொருவரிடம் சொல்லிவிடுவதுதான் எங்களுக்குப் பழக்கம். நான் அலுவலகம் போனதும் குழுவில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம், எல்லோரும் தமிழர்தானே, பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்று முகாமையாளர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே பேசுகிற மாதிரியே எழுதினேன்:

"அக்காவுக்கு ஏலாது. உந்த வேலையை இனி நான் பாக்கிறன்."

முகாமையாளரின் பெயரையும் மறக்காமல் குறித்தேன். புதிய முறைக்குப் பழகிவிட்டேன் என்று ஒரு சின்னத் திருப்தி. அன்றைக்கே வேலையை முடித்து ஒப்படைத்தேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, முகாமையாளரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. முதல் வரியில் பாராட்டு. மூத்தவர் ஒருவரால் முடியாது என்பதை மறைக்காமல், எல்லோரும் பார்க்கும் இடத்தில் சொல்லி, பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வது இந்த நிறுவனம் எதிர்பார்க்கும் துணிவு என்று எழுதியிருந்தார். தனக்கும் சில காலமாக அதே ஐயம் இருந்ததாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மருந்து இருப்புப் பகுதிக்கு என்னைப் பொறுப்பாக அறிவிப்பதாக முடித்திருந்தார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மின்னஞ்சலை மூடிவிட்டு நான் எழுதிய இரண்டு வரியை எடுத்துப் பார்த்தேன். மென்பொருளில் பிழை வந்தால் செய்வது போல, அதை எழுதியவளாக இல்லாமல் வேறொருவராக வாசித்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு ஏலாது என்றால் சுகமில்லை. ஏலாது என்றால் முடியாது என்றும்தான் பொருள். ஆனால் எதை எங்கே சொல்கிறோம் என்பது எங்களுக்குத் தானாகவே விளங்கிவிடும். அவருக்கு ஒரு பொருள்தான் கிடைத்திருக்கிறது. அக்காவுக்குத் திறமை போதாது, இனிமேல் எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன். இரண்டாவது வரியில் நான் போட்ட "இனி" வேறு முதல் வரிக்கு முத்திரை குத்தியிருந்தது. லீவும் பதியாததால், அக்கா மனம் நொந்து வராமல் விட்டதாகவே அவர் நினைத்திருப்பார்.

எழுதி விளக்கப் போனால் இன்னொரு சொல் கவிழ்க்கலாம். நான் அவருக்கு அழைப்பு எடுத்தேன். அதுதான் அவருக்கு நான் தனியாக எடுத்த முதல் அழைப்பு.

"சொல்லுங்க, சொல்லுங்க! மெயில் பார்த்தீங்களா?" குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"பார்த்தனான். அதிலை ஒரு பிழை இருக்கு. நான் அக்காவைப் பற்றி அப்பிடிச் சொல்லேல்லை."

"எப்படிச் சொல்லல? எழுதியிருக்கீங்களே. ஏலாதுன்னா என்னன்னு நான் டிக்‌ஷனரியே பார்த்தேன். முடியாதுன்னு போட்டிருக்கு."

"ஓம். ஆனால் எங்கடை ஊரிலை ஒருத்தருக்கு ஏலாது எண்டால் அவவுக்குச் சுகமில்லை எண்டு அர்த்தம். அவவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போய் ரெத்தம் பாத்தவ."

மறுமுனையில் பேனை விழும் சத்தம் கேட்டது.

"ஐயையோ," என்றார். "உடம்பு முடியலையா? நாங்க 'முடியல'ன்னுதான் சொல்வோம். நான் 'முடியாது'ன்னு படிச்சுட்டேன். ஒரு ஜுரத்துக்கா அந்த அம்மா வேலைய மாத்தப் பார்த்தேன்?"

"திங்கட்கிழமை அறிவிக்க வேண்டாம்."

"கண்டிப்பா மாட்டேன். ஆனா உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு கையில வந்து போகுது. உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றேன். "நான் நல்லாத்தான் இருக்கிறன். காய்ச்சல் அக்காவுக்கு மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. எங்களூரில் வருத்தம் என்றால் நோய். அவரோ மனக்குறையைக் கேட்டிருக்கிறார். நான் தடுமாறித் தடுமாறி அதையும் விளக்க, அவர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியது. "இதோட முடியல. நான் உங்ககிட்ட நேர்மையா சொல்லணும். அந்த வார்த்தைய நான் ஏன் உடனே நம்பினேன்? இத்தனை நாள் மீட்டிங்ல அவங்க ஒரு வார்த்தை பேசலை. ஓம் சரி, ஓம் சரி. அவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவின் இடம் இன்னும் ஆபத்தில்தான் இருந்தது. கூட்டம் முடிந்த பிறகு எங்களிடம் அவர் சொல்பவற்றை நான் சொன்னேன். சேருடைய கதவைப் பற்றியும் சொன்னேன். முகாமையாளர் குறுக்கிடாமல் கேட்டார். பேனை மேசையில் தட்டுப்படும் சத்தம் மட்டும் வந்தது.

"சரி," என்றார் கடைசியில். "அப்ப ஒண்ணு பண்றேன். மீட்டிங் முடிஞ்சதும் நான் கட் பண்ணாம லைன்லயே இருக்கேன். யார் வேணா தனியா வந்து பேசலாம். ஆனா மூணு மாசம் முடியறதுக்குள்ள அவங்க வாயால நான் கேக்கணும். உங்க வாயால இல்ல."

இன்று நினைக்கும்போது, அவர் மேல் எனக்கு உள்ள நன்றி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கியிருந்தது. எங்கள் வழக்கத்தை விடச் சொல்ல அதற்கு உரிமை இருந்தது. அவர் தன்னுடையதில் கொஞ்சம் விட்டார். எங்களையும் கொஞ்சம் விடச் சொன்னார்.

அக்கா அடுத்த கிழமை நடுப்பகுதியில் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நடந்ததை அவரிடம் ஒளிக்க நான் விரும்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சலையும் என் இரண்டு வரியையும் காட்டி, தொலைபேசியில் முகாமையாளர் சொன்னதையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி வாசித்தார்.

"நீ எழுதினதிலை ஒரு பிழையுமில்லை," என்றார். "எனக்கு ஏலாமல்தானே கிடந்தது. நூற்றி இரண்டு காய்ச்சல்."

"கோவமில்லையே அக்கா?"

"உன்னிலை என்ன கோவம்? அவ அதை நம்பினவ பாத்தியோ, அதுதான் எனக்குக் கவலை." பெட்டியை மூடும்போது, "அவ சொன்னதும் சரிதான்," என்றார். "நான் உங்களுக்குத்தானே கதைச்சுக்கொண்டிருந்தனான். அவவுக்கு எப்பிடிக் கேக்கும்?"

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில், புதிய பதிப்பு வரும் திங்கட்கிழமை மருத்துவ நிலையங்களுக்குப் போகும் என்று முகாமையாளர் அறிவித்தார். கூட்டம் முடிந்தது. ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள். சொன்னபடி முகாமையாளரின் முகம் மட்டும் அப்படியே நின்றது. அக்கா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். கணினியைத் தூக்கிக்கொண்டு, சேர் முன்பு இருந்த அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"திங்கட்கிழமை வேண்டாம்," என்று தொடங்கினார். அவ்வளவு நேரடியாக. "கிளினிக்குகளிலை சரியான சனம் வாறது திங்கட்கிழமைதான். அண்டைக்குப் புதுப் பதிப்பைக் குடுத்தால் எங்களைத்தான் ஏசுவினம். புதன்கிழமை குடுப்பம்."

"புதன் எனக்கு ஒத்து வராதே. மேலிடத்துக்கு திங்கள்னு சொல்லிட்டேனே."

"அப்ப மேலிடத்துக்குச் சொல்லுங்கோ, நான் வேண்டாமெண்டு சொன்னனான் எண்டு."

குருநகர் அண்ணை தன் காதொலிப்பானை மெல்லக் கழற்றினார். நாங்கள் ஒருவரும் தட்டச்சுச் செய்யவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இருவரும் வாதிட்டார்கள். சில இடங்களில் அக்கா விட்டுக்கொடுத்தார். முகாமையாளர் கேட்ட இரண்டு அறிக்கைகளைத் தருவதாக ஒப்புக்கொண்டார். திகதியில் மட்டும் அசையவில்லை. புதன்கிழமை என்று முடிவானது. வெளியே வந்தபோது அவருடைய முகம் வியர்த்திருந்தது.

"அப்பாடா," என்றார் அண்ணை. "சேரின்ரை கதவை நீங்கள் இவ்வளவு பலமாத் தட்டினதில்லை."

"போடா உன்ரை வேலையைப் பார்," என்றார் அக்கா.

அதன் பிறகு பல நாள் அவர் கூட்டம் முடிந்து தங்கினார். கடைசி மாதத்தில் தங்குவது குறைந்தது. கூட்டத்திலேயே, எல்லோரும் இருக்கும்போதே, "அதிலை எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லப் பழகிவிட்டார். சொல்லும்போது திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பார். ஆனாலும் சொல்வார். நான் அதைப் பார்த்துத்தான் என் கேள்விகளையும் கூட்டத்தில் கேட்கத் தொடங்கினேன்.

மூன்று மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை முகாமையாளர் பகுதி பகுதியாக அறிவித்தார். மருந்து இருப்புக்கு அக்கா உறுதிப்படுத்தப்பட்டார். நாங்கள் கை தட்டினோம். அக்கா "நன்றி" என்று மட்டும் சொல்லி, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மாலை நேரப் பிரிவுக்குச் சென்னையிலேயே ஆட்களை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் கணினியைத் திறந்தபோது குழுவில் ஒரு செய்தி இருந்தது. அக்கா போட்டது. முன்பென்றால் கதிரையைத் திருப்பி மெல்லிய குரலில் என்னிடம் சொல்லியிருப்பார். இப்போது என் பெயரைக் குறித்து, சென்னையும் யாழ்ப்பாணமும் சேர்ந்து பார்க்கும் இடத்தில், என் சோதனை அறிக்கையில் மூன்று பிழை இருப்பதாகவும் மதியத்துக்கு முன் திருத்தித் தரும்படியும் எழுதியிருந்தார். முகாமையாளர் அதற்குக் கீழே பெருவிரலை உயர்த்தியிருந்தார்.

மூன்றுமே உண்மையான பிழைகள். நான் திருத்தத் தொடங்கினேன். பக்கத்தில் அக்கா தன் திரையைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"கோவமே?"

"இல்லை அக்கா."

"கோவமெண்டால் சொல்லிப்போடு," என்றார். "ஆனால் குறூப்பிலை சொல்லு."